அடுத்த வாரமும் வருகிற அக்கா

கடலூரிலும் சிதம்பரத்திலும் ஒரு கல்லூரி ஆண்டு முடிவதற்குள் ஏழைப் பிள்ளைகளுக்கான ‘சேவை நாள்’ நாலைந்து தடவையாவது வந்துபோய்விடும். சுதந்திர தினம், காந்தி ஜெயந்தி, குழந்தைகள் தினம், தீபாவளிக்கு முந்திய வாரம், தலைவர்களின் பிறந்தநாள்கள் என்று அதற்குக் காரணங்களுக்குப் பஞ்சமில்லை. முகப்பில் பேனர் கட்டிய ஒரு பஸ் வரும். நோட்டு, பென்சில், சாப்பாட்டுப் பொட்டலம், இரண்டு விளையாட்டு, ஒரு சினிமாப் பாட்டுக்கு ஆட்டம், கடைசியில் குரூப் போட்டோ. பொழுது சாய்வதற்குள் பஸ் கிளம்பிவிடும். வந்தவர்கள் நல்ல மனதோடுதான் வந்தார்கள். அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால், கழித்தலில் கடன் வாங்கத் தெரியாமல் தவித்த பிள்ளை மறுநாள் காலையிலும் அதே இடத்தில்தான் தவித்துக்கொண்டிருக்கும். பிள்ளைகளுக்குச் செய்யும் தொண்டின் பயன் ஏறக்குறைய முழுவதும் திரும்பத் திரும்ப வருவதில் இருக்கிறது என்பதே இந்தக் கட்டுரையின் வாதம். ஒரே ஆள், ஒரே இடம், ஒரே நேரம், குறைந்தது ஓராண்டு. இதற்கு வழி செய்யாத எந்த இளைஞர் திட்டமும், தன் பணத்தை ஏழைப் பிள்ளைகள் விடுதியின் சமையலறைக்குக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்வது மேல்.

மாணவர்களுக்கு அவ்வளவு நேரம் ஏது என்பார்கள். ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். காந்தி நூற்றாண்டையொட்டி 1969 செப்டம்பர் 24 அன்று 37 பல்கலைக்கழகங்களில் தொடங்கியது நாட்டு நலப்பணித் திட்டம். என்.எஸ்.எஸ். என்று சொன்னால்தான் மாணவர்களுக்குப் புரியும். அதில் சேருகிறவர் இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரம், அதாவது ஆண்டுக்கு 120 மணி நேரம் சமூகப் பணி செய்ய வேண்டும். ஏழு நாள் சிறப்பு முகாம் தனி. அந்த 120 மணி நேரத்தை ஒன்றரை மணி நேரமாகப் பிரித்தால் 80 மாலைப் பொழுதுகள் கிடைக்கும். வாரத்துக்கு இரண்டு மாலை என்று வைத்தால் 40 வாரம். பள்ளிக்கூட ஆண்டின் நீளமும் ஏறக்குறைய அவ்வளவுதான். ஓர் அலகில் வழக்கமாக 100 மாணவர்கள். அவர்களை இருவர் இருவராகப் பிரித்து, ஒவ்வொரு ஜோடிக்கும் பத்துப் பிள்ளைகளை ஒப்படைத்தால் 500 பிள்ளைகளுக்கு ஆண்டு முழுவதும் மாலையில் ஆள் இருக்கும். புதிதாகச் சட்டமோ நிதியோ வேண்டியதில்லை. இந்த மணி நேரமெல்லாம் இப்போதும் செலவாகிக்கொண்டுதான் இருக்கிறது: விழிப்புணர்வுப் பேரணி, வளாகத் துப்புரவு, மரக்கன்று நடுதல். (சில குழிகள் ஒவ்வொரு ஆண்டும் அதே மரக்கன்றை எதிர்பார்த்துக் காத்திருக்கின்றன என்பது தனிக் கதை.) 1929-ல் பிறந்த அண்ணாமலைப் பல்கலைக்கழகம் ஆயிரக்கணக்கான இளைஞர்களைச் சிதம்பரத்தின் ஓரத்திலேயே குடிவைத்திருக்கிறது. ஆளுக்கும் மணிக்கும் இங்கே குறைவில்லை. அவற்றைச் செலவழிக்கும் முறையில்தான் கோளாறு.

பயிற்சி பெற்ற ஆசிரியர் அல்லாத ஒருவர், மாலையில் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தால் பெரிதாக என்ன நடந்துவிடும்? இந்தக் கேள்விக்குத் தமிழ்நாட்டிலேயே விடை இருக்கிறது. கொரோனாவால் 2020 மார்ச்சில் மூடிய தொடக்கப் பள்ளிகள் 2021 நவம்பர் 1-ல்தான் திறந்தன. அதற்குச் சில நாள் முன்பு, அக்டோபர் 27 அன்று, மரக்காணம் பக்கம் முதலியார்குப்பத்தில் ‘இல்லம் தேடிக் கல்வி’ தொடங்கிவைக்கப்பட்டது. முதற்கட்டமாக எடுத்துக்கொண்ட 12 மாவட்டங்களில் கடலூரும் ஒன்று. ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளுக்கு அவரவர் தெருவிலேயே, மாலை ஐந்து மணிக்கும் ஏழு மணிக்கும் நடுவே, சுமார் இருபது பிள்ளைகளுக்கு ஒருவர் என்ற கணக்கில் வகுப்பு. சொல்லிக்கொடுத்தவர்களில் பெரும்பாலோர் அதே ஊர்ப் பெண்கள். தொடக்க வகுப்புகளுக்குப் பன்னிரண்டாம் வகுப்பு முடித்திருந்தால் போதும். மாத ஊக்கத்தொகை 1,000 ரூபாய். மாநிலம் முழுவதும் பரவியபோது தன்னார்வலர்கள் சுமார் இரண்டு லட்சம் பேர். திண்ணை, சமுதாயக் கூடம், கோயில் வாசல், மாடிப்படிக்குக் கீழே உள்ள இடம் என்று கிடைத்த இடமெல்லாம் வகுப்பானது.

அபிஜித் சிங், மொரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் ஆகிய மூன்று பொருளியலாளர்கள் தமிழ்நாட்டுக் கிராமங்களில் சுமார் 19,000 பிள்ளைகளை இந்தக் காலகட்டத்தில் சோதித்துப் பார்த்தார்கள். 2019-ல் அதே ஊர்களில், அதே வயதுப் பிள்ளைகள் எவ்வளவு கற்றிருந்தார்கள் என்ற கணக்கும் அவர்களிடம் இருந்ததுதான் இந்த ஆய்வின் பலம். 2021 டிசம்பரில் பார்த்தபோது பிள்ளைகள் முந்தைய நிலையைவிட வெகுவாகப் பின்தங்கியிருந்தார்கள். கணக்கில் விழுந்த பள்ளம், மொழியில் விழுந்ததைப் போல் இரண்டு மடங்கு ஆழம். பள்ளி திறந்த ஆறே மாதத்தில் அந்தப் பள்ளத்தில் மூன்றில் இரண்டு பங்கு நிரம்பியது. அப்படி நிரம்பியதில் சுமார் 24 சதவீதம் இல்லம் தேடிக் கல்வியால் நேர்ந்தது என்று அவர்கள் கணித்தார்கள். இன்னொன்றும் சொன்னார்கள்: இழந்தபோது அதிகம் இழந்தது வசதியற்ற வீட்டுப் பிள்ளைகள், மீண்டபோது வேகமாக மீண்டதும் அவர்களே. அதற்கு இந்த மாலை வகுப்பு கைகொடுத்திருக்கக்கூடும். வகுப்பெடுத்த தெருமுனை அக்காவுக்கு பி.எட். பட்டம் கிடையாது. நாளைக்கும் அவர் அங்கேயே இருப்பார் என்று பிள்ளைக்கும் தாய்க்கும் தெரியும். அந்த நம்பிக்கை எவ்வளவு பெறும் என்று எந்தப் புள்ளியியல் அட்டவணையும் தனியாகப் பிரித்துச் சொல்வதில்லை; ஆனால் அது இல்லாத இடத்தில் என்ன நடக்கும் என்பதற்கு வடக்கே ஓர் உதாரணம் இருக்கிறது.

உத்தரப் பிரதேசத்தின் ஜான்பூர் மாவட்டத்தில், 2005-06 காலத்தில், பிரதம் என்ற கல்வித் தொண்டு அமைப்பு 65 ஊர்களில் உள்ளூர் இளைஞர்களுக்குச் சில நாள் பயிற்சி கொடுத்து வாசிப்பு முகாம் நடத்தச் செய்தது. சுமார் 400 தன்னார்வலர்கள் கூலியின்றி முன்வந்தார்கள். முகாமுக்கு வந்த பிள்ளைகள் மளமளவென்று வாசிக்கக் கற்றார்கள். ஆனால் அந்த ஊர்களில் இருந்த பிள்ளைகளில் வந்தவர்கள் 8 சதவீதம்தான். வாசிக்கவே தெரியாத பிள்ளைகளில்கூட 13 சதவீதத்தினரே வந்தார்கள். பாடம் சரியாக இருந்தது. பிள்ளைகளைக் கொண்டுவந்து சேர்ப்பதில்தான் திட்டம் தோற்றது. தன்னார்வத் தொண்டில் கடினமான பாதி அதுதான். ஒரு பிள்ளை இரண்டு நாள் வராவிட்டால் வீட்டுக்குப் போய், “ஏன்மா, பாப்பா வரலை?” என்று கேட்க ஓர் ஆள் வேண்டும். மாதத்துக்கு ஒருமுறை பஸ்ஸில் வருகிறவருக்கு எந்தப் பிள்ளை வரவில்லை என்பதே தெரியாது.

பயன் குறையும் என்பதோடு விஷயம் முடிந்துவிட்டால் ஒருநாள் கூத்தைப் பொறுத்துப்போகலாம். பாதியில் விட்டுப்போகும் தொண்டு, தொண்டே இல்லாததைவிடத் தீங்காகவும் முடியலாம். அமெரிக்காவில் ‘பிக் பிரதர்ஸ் பிக் சிஸ்டர்ஸ்’ என்ற பழைய அமைப்பு, வசதியற்ற வளரிளம் பிள்ளை ஒன்றுக்கு ஒரு பெரியவர் என்று துணை சேர்த்துவைக்கிறது. அந்த அமைப்பின் தரவுகளை ஆராய்ந்த ஜீன் கிராஸ்மன், ஜீன் ரோட்ஸ் இருவரும் 2002-ல் வெளியிட்ட முடிவு இது: ஓராண்டுக்கு மேல் நீடித்த துணைகளால் பிள்ளைகள் பல வகையில் தேறினார்கள், மூன்று மாதத்துக்குள் முறிந்த துணைகளில் பிள்ளைகளின் தன்மதிப்பு முன்பிருந்ததைவிடக் குறைந்தது. ஏன் என்று விளக்க உளவியல் பட்டம் வேண்டாம். அப்பா விட்டுப்போன வீட்டிலிருந்து வரும் பிள்ளைக்கு, இன்னொருவரும் வந்து பழகிவிட்டுப் போவது புதுச் செய்தியல்ல. பழைய பாடத்தை மறுபடியும் படிப்பதுதான். காப்பகங்களில் வளரும் சின்னக் குழந்தைகளுக்கு இது இன்னும் கடுமை. கம்போடியாவில் 2005-ல் 153 ஆக இருந்த அநாதை இல்லங்கள் 2010-க்குள் 269 ஆகப் பெருகின. அங்கிருந்த பிள்ளைகளில் நான்கில் மூவருக்குப் பெற்றோரில் ஒருவராவது உயிரோடு இருந்தார் என்று 2011-ல் யுனிசெஃப் ஆதரவுடன் வந்த ஆய்வு சொன்னது. பார்க்க வந்த அயல்நாட்டுத் தன்னார்வலர்களின் பணமும் பாசமுமே அநாதைகளைப் பெருக்கியிருந்தன. கடலூர் மாவட்டம் கம்போடியா ஆகிவிட்டது என்று நான் சொல்லவில்லை. பிறந்தநாளுக்குப் பிறந்தநாள் புது முகங்கள் வந்து தூக்கிக் கொஞ்சிவிட்டுப் போகும் இடத்தில் மூன்று வயதுக் குழந்தை என்ன கற்றுக்கொள்கிறது என்பதில் மட்டும் கம்போடியாவுக்கும் நமக்கும் வேறுபாடு குறைவு.

வந்துபோகும் உதவிக்கும் தங்கியிருக்கும் உதவிக்கும் உள்ள வேறுபாடு இந்தக் கடலூர்க் கரைக்குத் தெரியாததும் அல்ல. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை கடலூர் மாவட்டத்தில் 600-க்கும் மேற்பட்டவர்களைக் கொண்டுபோனது. தேவனாம்பட்டினத்திலிருந்து கிள்ளை வரை, நாடெங்கிலுமிருந்தும் அயல்நாடுகளிலிருந்தும் உதவிக்கு ஆட்கள் வந்து குவிந்தார்கள். சோறு, துணி, படகு, வலை, வீடு என்று அந்த உதவி பல குடும்பங்களை நிமிர்த்தியது. அதை மறந்து பேசுவது நன்றிகெட்டதனம். ஆனால் பிள்ளைகளின் மனத்தைத் தேற்றும் வேலையில், பொம்மையும் வண்ணப் பென்சிலும் கொண்டுவந்து ஒரு வாரம் இருந்துவிட்டுப் போனவர்கள் ஒரு வகை; பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம் எடுத்த வழி வேறு வகை. ஊர்ப் பணியாளர்களுக்கே பயிற்சி கொடுத்து, துயரப்பட்ட குடும்பங்களோடு தொடர்ந்து பழகவைப்பது அதன் வழி. நிபுணர்கள் திரும்பிப்போன பிறகும் பயிற்சி பெற்றவர் அந்த ஊரிலேயே இருந்தார். அவசரத்துக்கு வெளியாள் வேண்டும். அதற்குப் பிறகு வரும் நீண்ட நாட்களுக்கு ஊரிலேயே ஆள் வேண்டும் என்று இருபது ஆண்டுகளுக்கு முன்பே கற்றுக்கொண்ட கரை இது.

அதற்கும் வெகுகாலம் முன்பே இந்த மாவட்டத்துக்கு அது தெரியும். 1867 மே 23 அன்று வடலூரில் வள்ளலார் மூட்டிய சத்திய தருமச்சாலை அடுப்பை ‘அணையா அடுப்பு’ என்கிறோம். பசித்தவருக்குச் சோறு போட்ட வள்ளல்கள் தமிழ்நாட்டில் எத்தனையோ பேர். வடலூரைத் தனித்துக் காட்டுவது ‘அணையா’ என்ற அந்த ஒரு சொல். நேற்று வந்து சாப்பிட்டவர் இன்றும் வரலாம் என்ற உறுதியை அது தருகிறது. சிதம்பரத்தில் சுவாமி சகஜானந்தர் 1916-ல் நந்தனார் பெயரில் பள்ளியும் விடுதியும் தொடங்கினார். ஒடுக்கப்பட்ட சாதிகளில் பிறந்த பிள்ளைகளுக்குப் பள்ளி வாசலே எட்டாத காலம். அவர் 1959-ல் மறையும்வரை, 43 ஆண்டு, அந்த வேலையிலேயே இருந்தார். சட்டமன்றத்துக்குப் போனபோதும் அதை விட்டுவிடவில்லை. ஓமக்குளத்தில் அந்தப் பள்ளி இன்று அரசுப் பள்ளியாக நடக்கிறது. அவர் ஒரே ஒரு நாள் நூறு பிள்ளைகளுக்குப் புத்தாடை வாங்கிக் கொடுத்திருந்தால் இன்று யாருக்கும் நினைவிருந்திருக்காது.

இனி மறுப்புகள். “ஒரு நாளாவது அந்தப் பிள்ளைகள் சிரித்தார்களே, அதையும் கெடுப்பானேன்?” என்பது முதலாவது, பலமானதும்கூட. பிறந்தநாள் சாப்பாடு போடுவதை நான் எதிர்க்கவில்லை, தாராளமாகப் போடலாம். பக்கத்தில் நின்று, பிள்ளைகளை வரிசையில் உட்காரவைத்து, பாட்டுப் பாடவைத்து, நன்றி சொல்லவைப்பதுதான் வேண்டாம் என்கிறேன். தருமச்சாலையில் அரிசி மூட்டை இறக்கிவிட்டுப் போகிறவர் பந்தியில் நின்று படம் எடுத்துக்கொள்வதில்லை. நன்கொடையை நன்கொடையாகக் கொடுத்தால் பிள்ளைக்கு வயிறும் நிறையும், மானமும் மிஞ்சும். இதில் சட்டமும் இருக்கிறது. இளைஞர் நீதிச் சட்டம் 2015-ன் 74-ஆம் பிரிவு, பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் பிள்ளையின் பெயர், முகவரி, பள்ளி, படம் என அடையாளம் காட்டும் எதையும் வெளியிடுவதைத் தடுக்கிறது. மீறினால் ஆறு மாதம் வரை சிறை, இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் காப்பகப் பிள்ளைகளின் முகங்களை வரிசையாகப் போடுகிறவர்களில் எத்தனை பேருக்கு இந்தப் பிரிவு தெரியும்?

இரண்டாவது மறுப்பு அரசியல் சார்ந்தது; அதை இலேசாகத் தள்ளிவிட முடியாது. இல்லம் தேடிக் கல்வி தொடங்கியபோதே, இது புதிய தேசியக் கல்விக் கொள்கையின் பின்வாசலாகிவிடும், ஆசிரியர் இடத்தில் தன்னார்வலரை உட்காரவைக்கும் என்று திராவிட, இடதுசாரி அமைப்புகள் சில எச்சரித்தன. தொடக்கப் பள்ளியில் 30 பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர் என்று 2009-ம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. அந்தக் கடனைத் தன்னார்வலரைக் காட்டி அரசு கழித்துக்கொண்டால் அது மோசடிதான். அதற்காக மாலை வகுப்பையே மூடச் சொல்வது பொருந்தாது. கோடு எங்கே என்பதைத் தெளிவாகப் போட்டால் போதும்: பள்ளி நேரத்தில், பள்ளி வகுப்பறையில், ஆசிரியர் இல்லாத குறைக்குத் தன்னார்வலர் போகக் கூடாது. பள்ளி விட்டு வந்த பிறகு ஆறு மணிக்கு யார் துணை என்பது வேறு கேள்வி. வசதியுள்ள வீட்டில் அந்த ஆறு மணிக்கு டியூஷன் இருக்கிறது, படித்த அம்மா இருக்கிறார். வசதியற்ற வீட்டில் அம்மா நடவிலிருந்தோ முந்திரித் தோப்பிலிருந்தோ கம்பெனியிலிருந்தோ அப்போதுதான் திரும்பி அடுப்பைப் பற்றவைக்கிறார். எத்தனை ஆசிரியரைப் போட்டாலும் அந்த நேரத்து ஏற்றத்தாழ்வு அப்படியே நிற்கும்.

மாதம் 1,000 ரூபாய் வாங்கினால் அது எப்படித் தன்னார்வம் என்று கேட்பவர்களும் உண்டு. மாதத்துக்கு இருபது மாலை, மாலைக்கு ஒன்றரை மணி என்றால் 30 மணி நேரம்; மணிக்கு 33 ரூபாய். நூறு நாள் வேலையின் ஒரு நாள் கூலியே 300 ரூபாயைத் தாண்டிவிட்டது. இதைக் கூலி என்று சொல்ல மனம் வந்தால், கூலியை உயர்த்தச் சொல்லிக் கேட்பதுதான் நியாயம். சும்மா வருகிறவரே தூய தொண்டர் என்ற எண்ணம், வீட்டில் சோற்றுக்குக் கவலையில்லாதவர்களுக்கு மட்டும் தொண்டை ஒதுக்கிவைக்கிறது. தெருவிலேயே இருக்கும் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பெண்ணுக்கு அந்த ஆயிரம், வீட்டில் அவர் அந்த நேரத்தைக் கேட்டு வாங்க ஒரு பிடி. கல்லூரி மாணவர் அவருடைய இடத்தைப் பறிக்க வேண்டியதில்லை. அவருக்குத் துணையாகப் போகலாம்: பின்தங்கிய நாலு பிள்ளைகளைத் தனியே உட்காரவைத்து எழுத்துக்கூட்டச் செய்வது, எட்டாம் வகுப்பு அறிவியலை எடுத்துச் சொல்வது, பத்தாம் வகுப்புக்குப் பிறகு என்ன படிக்கலாம் என்று தெளிவாக்குவது. இருபது பேரை ஒற்றை ஆளாகச் சமாளிக்கும் அக்காவுக்கு இது பெரிய கை. மாணவர் தேர்வுக்குப் போய்விட்டாலும் வகுப்பு நிற்காது.

எங்கே போவது என்பதிலும் நேர்மை வேண்டும். இந்த மாவட்டத்தின் மக்களில் பட்டியல் சாதியினர் சுமார் 29 சதவீதம். ஊர்த்தெருவில் வகுப்பை வைத்துவிட்டு, காலனிப் பிள்ளைகள் வரவில்லை, ஆர்வமில்லை என்று அறிக்கை எழுதுவது எளிது. வகுப்பை எங்கே வைக்கிறோம் என்பதிலேயே யார் வருவார்கள் என்பது பாதி முடிவாகிவிடுகிறது. இரண்டு நகரங்களிலும் அரசு நடத்தும் ஆதிதிராவிடர் நல விடுதிகள் இருக்கின்றன. சமூகநீதி விடுதி என்று அண்மையில் பெயர் மாறியிருக்கிறது. மாலையில் பிள்ளைகள் ஒரே இடத்தில் இருப்பார்கள், ஓடிப்போய் அழைத்துவர வேண்டியதில்லை, வார்டன் இருக்கிறார். கல்லூரி மாணவர் தொடங்குவதற்கு இதைவிட வசதியான இடம் கிடையாது. பிச்சாவரம் உப்பங்கழியைச் சுற்றி இருளர் குடியிருப்புகள் இருக்கின்றன. பெற்றோர் இரண்டு பேரும் ஓதத்தைப் பார்த்து, இடுப்பளவு நீரில் இறங்கி, கையாலேயே இறாலும் மீனும் பிடிக்கப் போகும் வீடுகள் அவை. அங்கே பிள்ளையின் படிப்பு நிற்பதற்குக் காரணம் பாடமாகவே இருக்க வேண்டியதில்லை. பழங்குடியினர் சான்றிதழ் கிடைக்காததாகவும் இருக்கலாம். அதைக் கொடுக்க வேண்டியவர் கோட்டாட்சியரோ சார் ஆட்சியரோ என்பதும், எந்தத் தாளைக் கேட்டு எந்த அலுவலகத்தில் மனு திரும்பியது என்பதும் ஒருநாள் விருந்தாளிக்குத் தெரிய வழியில்லை. ஆறு மாதம் தொடர்ந்து வந்த மாணவருக்குத் தெரியும்; மனுவையும் அவரே எழுதிக் கொடுப்பார்.

இவ்வளவும் சொன்ன பிறகு, திட்டங்கள் உண்மையில் உடைகிற இடத்தைச் சொல்லாவிட்டால் கட்டுரை அரைகுறை. அவை நவம்பரில் உடைகின்றன. மாவட்டத்தின் பெருந்துன்பங்களைத் தேதிவாரியாகப் பாருங்கள்: ஆழிப்பேரலை 2004 டிசம்பர் 26, தானே புயல் 2011 டிசம்பர் 30, பெருவெள்ளம் 2015 நவம்பர், டிசம்பர், ஃபெஞ்சல் புயலும் தென்பெண்ணை வெள்ளமும் 2024 நவம்பர் கடைசி, டிசம்பர் தொடக்கம். பெருந்துன்பம் வராத ஆண்டுகளிலும் வடகிழக்குப் பருவமழை அந்த இரண்டு மாதமும் பள்ளிக்கு விடுமுறை விட்டுக்கொண்டே இருக்கும். கூலி வேலை இருக்காது. குடிசையில் நோட்டு நனையும். பிள்ளைக்குத் துணை மிகவும் வேண்டிய நேரம் அதுதான். கல்லூரியின் பருவத் தேர்வும் அப்போதுதான். ஏப்ரலிலும் இதே கதை: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை, குப்பத்தில் கையில் காசு புரளாது, பள்ளியும் விடுமுறை, மாணவர்களும் சொந்த ஊருக்குப் போயிருப்பார்கள். ஆக, கல்லூரி நாட்காட்டியை வைத்துப் போட்ட திட்டம் பிள்ளைக்குத் தேவைப்படும் மாதங்களிலெல்லாம் காணாமல் போகும். இதற்கு மருந்து எளியதுதான், அலுப்பூட்டுவதும்கூட: தேர்வு அட்டவணை வந்த நாளிலேயே மாற்று ஆள் பட்டியல் போடுவது, முதலாண்டு மாணவருக்கும் மூன்றாமாண்டு மாணவருக்கும் தேர்வு மோதாத நாட்களைக் கண்டுபிடித்து ஜோடி சேர்ப்பது, யாருமே இல்லாத வாரங்களைத் தெருமுனை அக்காவிடம் முன்கூட்டியே சொல்லி ஒப்படைப்பது, பிள்ளைகளிடமும் தேதி போட்டுச் சொல்வது. ‘அடுத்த வாரம் வருவேன்’ என்று சொல்லிவிட்டு வராததற்கும், ‘மூன்று வாரம் வரமாட்டேன், டிசம்பர் ஐந்தாம் தேதி வருவேன்’ என்று சொல்லிவிட்டு அந்தத் தேதியில் வந்து நிற்பதற்கும் பிள்ளைக்கு வித்தியாசம் தெரியும்.

விதிகளை அடுக்கினால் நல்ல மனசுக்காரர்கள் ஓடிவிடுவார்கள் என்பது கடைசி மறுப்பு. சிலர் ஓடத்தான் செய்வார்கள், ஓடட்டும். ஒரு பிள்ளையோடு ஒருவர் மட்டும் மூடிய அறையில் இருக்கக் கூடாது, எப்போதும் இருவர் வேண்டும், பிள்ளையின் படத்தைப் போனில் வைத்திருக்கக் கூடாது, தவறு நடந்தது என்று சந்தேகம் வந்தால் 1098-க்குச் சொல்ல வேண்டும், போக்சோ சட்டப்படி தெரிந்தும் சொல்லாமல் இருப்பதே குற்றம் என்று முதல் நாளிலேயே சொல்லிவிடுவதால் தொண்டின் மணம் கெட்டுவிடாது. ஓராண்டு உறுதியைக் கேட்டால் நூறு பேரில் முப்பது பேர்தான் மிஞ்சுவார்கள் என்றால், அந்த முப்பது பேரை வைத்து 150 பிள்ளைகளுக்கு ஒழுங்காக நடத்துவதுதான் திட்டம். மற்ற எழுபது பேருக்குப் பேரணி இருக்கிறது.

வரும் ஜூனில் எந்தக் கல்லூரியாவது இதைத் தொடங்க நினைத்தால் பேனர் அடிக்க வேண்டாம்; ஒரு விடுதி, ஒரு குப்பம் போதும். நாற்பது பக்க நோட்டில் ஒரு வருகைப் பதிவேடு. இடப் பக்கம் பிள்ளைகளின் பெயர்கள். அதற்கு ‘வந்தார்’, ‘வரவில்லை’ என்று தன்னார்வலர் போடட்டும். வலப் பக்கம் தன்னார்வலரின் பெயர். அதற்கு வருகை போடும் பேனாவைப் பிள்ளைகளிடம் கொடுத்துவிட வேண்டும்.